உட்காருவதற்கென்று ஒரு புல்

எங்கள் பக்கத்தில் புல் என்றால் இரண்டு வகைதான். ஒன்று, வயலிலிருந்து பிடுங்கி எறிய வேண்டியது. மற்றது, அறுத்துக்கொண்டு போய் மாட்டுக்குப் போட வேண்டியது. உட்காருவதற்கென்றே ஒரு புல்லை வளர்க்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியபோது எனக்குப் பத்து வயது.

மயிலாடுதுறைக்கு வெளியே, வயல்களை மனைகளாகப் பிரித்துப் போட்ட ஒரு புது நகரில் அப்போதுதான் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். நகர் என்பது முகப்பிலிருந்த பலகையில் மட்டும்தான் இருந்தது. தெருவிளக்கு இன்னும் வரவில்லை. தவளைகள் இன்னும் காலி செய்யவில்லை. வீட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு துண்டு வெறும் மண் கிடந்தது. கடைக்கால் தோண்டிய நாளிலிருந்தே அம்மா அதை மனதுக்குள் பாத்தி பிரித்து வைத்திருந்தாள். இங்கே அரைக்கீரை, அங்கே கத்தரி, குழாயடியில் வாழை, மூலையில் முருங்கை. அம்மா கணக்கு டீச்சர். எந்தக் கீரை எந்தக் கிழமை குழம்பில் விழும் என்பது வரை முடிவாகியிருந்தது.

அப்பா அந்த இடத்தில் லான் போடப் போவதாகச் சொன்னார்.

“போட்டு?” என்றாள் அம்மா.

“சாயந்தரத்துல உக்காரலாம்.”

“உக்காரத்தானே நாற்காலி வாங்கிப் போட்டிருக்கு.”

பெரிய அதிகாரி யாருடைய பங்களாவிலோ பார்த்துவிட்டு வந்து ஆசைப்படுகிறார் என்று அம்மா தீர்மானித்தாள். அந்த வயதில் அம்மாவின் தீர்மானங்கள்தான் எனக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அப்பா கால்நடை மருத்துவர். எந்தப் புல்லைப் போட்டால் பால் கூடும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது அவர் உத்தியோகத்தில் ஒரு பகுதி. அப்படிப்பட்டவர், மாடு தின்னக் கூடாத ஒரு புல்லைத் தேடிக்கொண்டு கும்பகோணம் ரோட்டில் இருந்த நர்சரிக்கு ஸ்கூட்டரில் போனார். பின்னால் நான்.

நர்சரிக்காரர் தட்டுத் தட்டாகப் புல் காட்டினார். முதலில் கொரியன் புல். அப்பா குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “இது நம்ம மண்ணுக்கு ஆகுமா?” என்று கேட்டார்.

“நம்ம மண்ணுக்குன்னே வந்தது சார்.”

அடுத்த தட்டில் இலை அகலமான புல், மர நிழலிலும் வளரக்கூடியது. அதுவும் நம் மண்ணுக்கென்றே வந்ததுதான். மூன்றாவது தட்டைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்துவிட்டார். அது அருகம்புல்.

“வெயில் தாங்கும், மிதி தாங்கும், விலையும் கம்மி,” என்று நர்சரிக்காரர் தொடங்கினார்.

“இதைப் பிடுங்கிப் பிடுங்கியே எங்க அக்காவுக்கு முட்டி தேஞ்சு போயிருக்கு. இதைப் போய் நான் காசு குடுத்து வாங்கி நடணுமா?”

நர்சரிக்காரர் தட்டைக் காலால் மெல்ல உள்ளே தள்ளினார். “கொரியனே எடுத்துக்குங்க சார். மெத்தையாட்டம் இருக்கும்.”

அப்பா சொன்ன அந்த அக்காதான் என் அத்தை. அப்பாவுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அவர்களுடைய அம்மா இறந்துவிட்டதால், அப்பாவை வளர்த்தது அத்தை. வளர்த்தது என்றால், களையெடுக்கப் போகும்போது இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் உட்கார வைத்துவிட்டு வயலில் இறங்குவாளாம். வரிசை முடிந்து கரையேறும்போது தம்பி அங்கேயே இருந்தால் அன்றைக்கு வளர்ந்துவிட்டான் என்று அர்த்தம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. மற்றவர்கள் நிலத்தில் எல்லோரும் இருந்தார்கள். அப்பா படிப்பில் தப்பித்துக் கரையேறினார். அத்தை இறங்கியபடியே இருந்தாள். இப்போது பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், வயலில் இறங்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார். அத்தை அவரை நல்ல பிள்ளை என்று மெச்சிவிட்டு மறுநாளே களைக்கொட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியைக் காட்டினால் அதைத் துடைத்து ஓரமாக வைப்பாள்.

ஆவணியில் வேலை தொடங்கியது. ஆள் வைத்து மண்ணைக் கொத்தி, கோரைக்கிழங்கைப் பொறுக்கி, மணலும் மக்கிய எருவும் கொட்டினார்கள். சமன் செய்யும் வேலையை மட்டும் அப்பா யாரிடமும் விடவில்லை. நடவுக்கு முன் வயலில் பரம்படிப்பதுபோல, ஒரு நீளப் பலகையில் கயிறு கட்டி அவரே இழுத்தார். பலகை மண்ணில் அழுந்துவதற்காக என்னை அதன்மேல் நிற்க வைத்தார். ஸ்கூட்டரை விட்டால் என் சிறுவயதில் எனக்குக் கிடைத்த ஒரே சவாரி அதுதான். முடித்தபோது தரை கண்ணாடிபோல் மட்டமாக இருந்தது. சுற்றிலும் செங்கல்லை நிற்க வைத்து ஒரு கரையும் கட்டினார். பக்கத்து வீட்டில், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, “குறுவை நெல்லுக்கு லேட்டாச்சே சார், சம்பாவா?” என்று கேட்டார்.

அப்பா சிரித்துக்கொண்டார். கொரியன் புல்லைத் துண்டு துண்டாகப் பதித்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். புல் பிடித்தது. பச்சைப் பஞ்சுபோல் படரவும் ஆரம்பித்தது. அதை நான் காலால்கூடத் தொடக் கூடாது. உட்காருவதற்காக வளர்க்கும் புல் என்பதால் யாரும் அதன் பக்கம் போகக் கூடாது என்ற நியாயம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

விதிக்குக் கட்டுப்படாதவை மாடுகள்தான். ஆஸ்பத்திரி நேரம் முடிந்த பிறகும் அவசரம் என்று சொல்லி வீட்டுக்கே மாட்டை ஓட்டி வருவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் ஒரு கறவை மாட்டைக் கொண்டுவந்தார். ரெண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, தவிட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை என்று கண்கலங்கினார். அப்பா மாட்டின் பின்பக்கம் நின்று சோதித்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் அது செங்கல் கரையைத் தாண்டிக் கழுத்தை நீட்டி, கொரியன் புல்லை ஒரு பாய் அளவுக்குச் சுருட்டி எடுத்துவிட்டது.

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். “டாக்டரு கை வச்சதும் தீனி எடுக்குது பாருங்க.”

மறுவாரத்திலிருந்து தீனி எடுக்காத மாடுகள் நாலாபக்கத்திலிருந்தும் எங்கள் வீட்டைத் தேடி வந்தன. வந்த மாடெல்லாம் குணமாயின. டாக்டர் புதிதாக ஏதோ மருந்துப்புல் போட்டிருக்கிறார் என்று பேச்சுப் பரவி, இரண்டு பேர் தங்கள் நிலத்தில் நட விதைக்கரணை கேட்டு வந்தார்கள். அப்பா வாசலுக்கு ஒரு மூங்கில் படல் வாங்கி வைத்தார்.

படல் மாட்டைத் தடுத்தது. ஐப்பசி மழையைத் தடுக்கவில்லை. அடைமழை பிடித்துக்கொண்ட இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் எங்கள் வாசலில் ஒரு குளம் இருந்தது. அப்பா அத்தனை அழகாக மட்டம் பார்த்துக் கரை கட்டியிருந்ததால் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகவில்லை. புல்தரை என்றால் தண்ணீர் ஓடிப்போகச் சரிவு வேண்டுமாம். அப்பாவின் கைக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரைக் கட்டி நிறுத்தும் மட்டம்தான். குடை பிடித்துக்கொண்டு போய் அவர் செங்கல்லைப் பெயர்த்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடை தெரிந்தது. “சம்பாதான்னு இப்ப உறுதியாயிடுச்சு,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

தண்ணீர் வடிந்தபோது கொரியன் புல் முக்கால்வாசி அழுகிப் பழுப்பாகிக் கிடந்தது. அப்பா இரண்டு நாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு ஒரு வாரத்தில், பழுப்புக்கு நடுவே ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியது. அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “பிழைச்சுக்கிச்சு பார்,” என்று அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். அம்மா குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். அது என்னவென்று அப்போதே தனக்குத் தெரியும் என்று பிற்பாடு சொன்னாள். அம்மா எதையும் பிற்பாடு சொல்பவள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை முட்டியைக் காட்டுவதற்காக ஊரிலிருந்து வந்தாள். அன்றைக்குக் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பிய அப்பா, ஸ்கூட்டரை எடுக்கும்போது அம்மாவிடம், “முன்னால களை மண்டிக்கிடக்கு, ஞாயித்துக்கிழமை எடுக்கணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் களை என்றால் கோரை. அது அத்தை காதில் விழுந்தது. அம்மா பள்ளிக்கூடம் போய்விட்டாள். எனக்கு லேசான காய்ச்சல் என்று வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள். நான் வாசற்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். குந்தி உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். கை போகும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை. கோரை வந்தது. அதோடு, மிச்சமிருந்த கொரியன் புல்லும் வேரோடு வந்தது. அப்பா பிழைத்துக்கொண்டது என்று கொண்டாடிய ஊசிப் பச்சையை மட்டும் அவள் தொடவில்லை.

“உங்கப்பன் கண்ணு அவிஞ்சு போச்சா பாப்பா? இவ்வளவு புல்லு பயிரை அழுத்துது, பாக்காம இருக்கானே,” என்றாள்.

“எது அத்தை பயிர்?”

“நெல்லு தெரியலயா உனக்கு? டவுனுப் புள்ள.”

எருவோடு வந்த நெல்மணிகள் முளைத்திருந்தன. அத்தை நெருக்கமாக இருந்த இடத்திலிருந்து நாற்றைப் பறித்து, இல்லாத இடத்தில் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நட்டாள். பிடுங்கிய கொரியன் புல்லைத் தெருவில் போன ஓர் ஆட்டுக்குப் போட்டாள். அது அங்கேயே நின்று தின்றுவிட்டுப் போனது.

சாயங்காலம் அப்பா தடுப்பூசி ஐஸ்பெட்டியோடு படலைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

“அக்கா, என்ன பண்ணின?”

“களை எடுத்தேன் தம்பி. நல்லவேளை நான் வந்தேன். இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தா பயிரை மூடியிருக்கும்.”

அப்பா ஐஸ்பெட்டியைக் கீழே வைத்தார். வரிசைகளைப் பார்த்தார். நான் அவர் கத்தப் போகிறார் என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“குந்தி உக்காந்தா எடுத்த?” என்றார்.

“பின்ன, நின்னுக்கிட்டா எடுப்பாங்க?”

“நல்லா நட்டிருக்கக்கா,” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மறுநாள் அத்தையை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும், அம்மா முதல் நாளிலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பையெல்லாம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, இதைப் பிடுங்கிட்டு வேற புல்லு போட்டுக்குங்க,” என்றாள்.

“அக்கா நட்டதை நான் எப்படிப் பிடுங்குவேன்?”

இப்படியாக, மயிலாடுதுறையில் லான் போடக் கிளம்பிய ஒரு கால்நடை மருத்துவர் வாசலில் நெல் சாகுபடி செய்தார். பெயர்த்த செங்கல் கரையைத் திரும்பக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார். சுவரோரம் நின்று ஸ்டேஷன் மாஸ்டர் இப்போது கேலியை விட்டுவிட்டு யோசனை சொல்ல ஆரம்பித்தார். கதிர் வந்ததும் கீரைப்பாத்தி போன துக்கத்தை அம்மாவும் மறந்தாள். பரீட்சைத் தாள் திருத்தும்போது ஜன்னலருகே உட்கார்ந்து, சிட்டுக்குருவி வந்தால் ஸ்கேலால் கம்பியைத் தட்டி விரட்டினாள்.

பொங்கல் போய் மாசி பிறக்கும்போது கதிர் பழுத்தது. அத்தை பையில் அரிவாளை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளும் அப்பாவும் சேர்ந்ததில் அந்த அறுப்பு ஒரு காபி ஆறும் நேரம்கூட எடுக்கவில்லை. ஸ்கூட்டரை வெளியே தள்ளிவிட்டு, போர்ட்டிகோவில் துணிதுவைக்கும் கல்லைப் போட்டுக் கதிரடித்தார்கள். அத்தை நெல்லை முறத்தில் புடைத்து ஒரு கை அள்ளினாள். கீழே போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது நம்மளுதுதானே தம்பி?”

“நம்மளுதுதான்க்கா.”

“யாருக்கும் பங்கு அளக்க வேண்டியதில்லையே?”

“இல்ல.”

சாப்பிடும்போது இன்னொரு தடவை அதையே கேட்டாள். அப்பாவும் இன்னொரு தடவை அதே பதிலைச் சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் விளைந்தது எங்களுடையதாக இல்லாமல் வேறு யாருடையதாக இருக்கும்? அத்தைக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் தப்புகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அறுத்த நெல்தாளுக்கு நடுவே, யாரும் கூப்பிடாமல், முதலில் தலைகாட்டியது அருகம்புல். அப்பா சில நாள் அதை முறைத்துப் பார்த்தார். பிறகு தோற்றுப்போனார். அத்தை அடுத்த முறை வந்தபோது, “இதுல புல்லு போடப் போறேன்க்கா,” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நெல்லு அறுத்த ஈரத்துல உளுந்து போட்டிருக்கலாம் தம்பி.”

“உளுந்து இல்ல. புல்லு. அருகம்புல்லு.”

அத்தை அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. “ஆயுசு முழுக்கப் பிடுங்கிப் போட்டேனே, அந்தப் பாவத்துக்கு இப்ப நட்டுட்டுப் போகச் சொல்றியா?”

அப்பா அவளை நட விடவில்லை. வாய்க்கால் கரையிலிருந்து வெட்டிவந்த கரணைகளை அவரும் நானும் நட்டோம். அத்தை படியில் நின்றுகொண்டு எங்கள் வரிசை கோணலாகப் போவதைச் சகித்துக்கொள்ள முயன்றாள். இந்தத் தடவை தரையைத் தெருப்பக்கம் சரிவாக விட்டிருந்தார். தண்ணீர் கொஞ்சம்தான் கேட்டது. நர்சரிக்காரர் புகழாமலேயே அது படர்ந்தது. சித்திரை வெயிலில் தெருவே காய்ந்து கிடந்தபோது எங்கள் வாசல் மட்டும் பச்சையாக இருந்தது. அப்பா பழைய புல்வெட்டும் வண்டி ஒன்றை வாங்கித் தள்ளித் தள்ளி அதை ஒரே அளவாக்கினார். அம்மாகூட ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தாள்.

கோடை விடுமுறையில் அத்தை வந்திருந்தாள். சாயங்காலம், கடல் காற்று தொடங்கும் நேரம். அப்பா கைலியோடு வந்து புல்லில் உட்கார்ந்து, “வாக்கா, உக்காரு,” என்றார்.

“எதுக்கு?”

“சும்மா.”

அத்தை தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். முட்டி மடங்காததால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தையின் வலது கை தானாகப் புல்லுக்குள் போனது. ஒரு கோரை வந்தது. பிறகு அருகம்புல் ஒரு கொத்து. பக்கத்தில் சின்னதாக ஒரு குவியல் சேர ஆரம்பித்தது. படியில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றேன். இதே வேகத்தில் போனால் இருட்டுவதற்குள் லான் காலி.

“அக்கா, விடு,” என்றார் அப்பா.

“கை சும்மா இருக்க மாட்டேங்குது தம்பி.”

அப்பா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் இடது கை புல்லைத் தேடிப் போனது. அதையும் எடுத்துப் பிடித்துக்கொண்டார். அத்தை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. உள்ளே ஓடி, “அப்பா அத்தையோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரும்மா, இனிமே புல்லுக்குப் பயமில்லை,” என்றேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு டம்ளரில் காபி ஆற்றி வைத்திருந்தது. நான் எடுத்துக்கொண்டு போகக் கையை நீட்டினேன்.

“இப்ப போகாத. அப்புறம் சூடு பண்ணிக்கலாம்,” என்றாள் அம்மா.

அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. நல்ல காபியை எதற்கு ஆற விடுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.